முதல்நிலைச் சான்றுகளைக் கொண்டு வரலாற்றுப் பாடம் நடத்துவது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். பாடநூலைப் படிக்கவைப்பேன், முக்கியமான வரிகளை அடிக்கோடிடச் சொல்வேன், புத்தக வினாக்களுக்கு விடை எழுதவைப்பேன். முதல் சில ஆண்டுகள் என் வகுப்பு இப்படித்தான் நடந்தது. பிறகு கல்வெட்டு, கடிதம், நாட்குறிப்பு என்று அந்தந்தக் காலத்தவர் விட்டுச்சென்ற எழுத்துகளையே, அதாவது முதல்நிலைச் சான்றுகளையே, மாணவர்கள் முன் வைக்கத் தொடங்கினேன். அது முதல் சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

முதல்நிலைச் சான்று என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? வரையறையை ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் மனத்தில் பதிவதில்லை.

வரையறையைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் ஒரு பழைய குடும்ப அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஸ்மார்ட் கார்டு வருவதற்கு முன்னால் இருந்த, மடித்து மடித்துக் கிழிந்துபோன தாள் அட்டை.

எங்கள் வீட்டு அட்டையில் என் அத்தையின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘திருமணம்’ என்று எழுதியிருக்கும். அதைக் கையில் கொடுத்துவிட்டு, “இந்தக் குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு என்னென்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்பேன். எத்தனை பேர், குடும்பத் தலைவர் யார், எந்தக் கடை, எந்த மாதம் சர்க்கரை வாங்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒருமுறை ஒரு மாணவி, “கல்யாணமானால் பெண்ணின் பெயரை மட்டும்தான் அடிப்பார்களா?” என்று கேட்டாள். வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்கிவிட்டது.

அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்குவதற்காக அச்சடித்த அட்டை அது. எங்கள் குடும்பக் கதையைச் சொல்வது அதன் வேலை இல்லை. ஆனாலும் சொல்கிறது. எழுதியவர் சொல்ல நினைத்தது ஒன்று, நமக்குத் தெரியவருவது இன்னொன்று. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், கல்வெட்டைப் படிக்கும்போதும் மாணவர்களுக்கு அது கை கொடுக்கும்.

பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியிலிருந்து. ‘பிற்காலச் சோழர் நிர்வாகம்’ என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. ‘சோழர் காலக் கிராமத்தில் யார் கையில் அதிகாரம் இருந்தது?’ என்பது கேள்வி. அதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் விடை வரக்கூடாது. பாடநூலில் ஒரே வரியில் விடை கிடைக்கவும் கூடாது. கையில் இருக்கும் சான்றைப் படித்தால் பாதி வழியாவது போக முடிய வேண்டும். கேள்வி அமைந்த பிறகு சான்றைத் தேடுங்கள், அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் முதலில் நான்கு பக்கம் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, மாணவர்கள் படித்து முடிப்பதற்குள் மணி அடித்ததைப் பார்த்தவள்.

ஒரு பாடவேளை முழுவதும் எப்படிப் போகும் என்று காட்ட முடியுமா?

நான் பலமுறை நடத்திய ஒன்றைச் சொல்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில் ஒன்றும் 14-ஆம் ஆட்சியாண்டில் மற்றொன்றும் வெட்டப்பட்டன, அதாவது பொ.ஆ. (கி.பி.) 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (பணிக்குழுக்களுக்கு) உறுப்பினர்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சபையே தீர்மானித்துக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறது.

முதல் பத்து நிமிடம் ஓலை எடுக்கும் காட்சிக்கு. ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டுகிறார்கள். கட்டுகள் குடத்துக்குள் போகின்றன. சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது என்ன என்று அறியாத ஒரு சிறுவன் கட்டு ஒன்றை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, சபையின் நடுவராக இருந்த மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். அவர் உரக்க வாசிக்கிறார், நம்பிமாரும் வாங்கி வாசிக்கிறார்கள்.

இங்கே நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “ஐந்து விரல்களையும் விரிக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு என்ன நடந்திருக்கும்?” ஓர் ஆண்டு, வகுப்பே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் சுண்ணக்கட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். “கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கலாம், டீச்சர்.” ஒரு விதி இருக்கிறது என்றால், அது தடுக்க நினைத்த குற்றமும் எங்கேயோ நடந்திருக்கக்கூடும், அல்லது நடக்கும் என்ற பயமாவது இருந்திருக்கும். இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பதினைந்து நிமிடம் தகுதிகளுக்கு. கால் வேலிக்கு மேல் இறை (வரி) செலுத்தும் நிலம் வேண்டும் (வேலி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறரை ஏக்கர்). சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். வேதத்திலும் பாஷ்யத்திலும் (உரை நூலிலும்) தேர்ந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவரோடு சேர்த்து, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன் என்று உறவுமுறைப் பட்டியலே போட்டு எல்லாரையும் விலக்கிவைக்கிறது கல்வெட்டு.

குழுக்களுக்கு நான் சில கற்பனை ஆட்களைக் கொடுப்பேன். நிலமும் கல்வியும் உள்ள 32 வயதுக்காரர், அண்ணன் வீட்டில் குடியிருப்பவர், கணக்குக் காட்டாதவரின் மருமகன், அடுத்தவர் நிலத்தை உழுகிறவர், நிலமுள்ள ஒரு விதவை. யார் பெயர் குடத்துக்குள் போகும்? இந்த 32 வயதுக்காரரிடம்தான் சூட்சுமம் இருக்கிறது. 919-ஆம் ஆண்டு விதிப்படி வயது 30-க்கு மேல், 60-க்குள். ஆகவே அப்போது அவருக்குத் தகுதி உண்டு. இரண்டே ஆண்டுகளில் அவர் வெளியே தள்ளப்படுகிறார்.

ஏன் மாற்றினார்கள்? இந்தக் கேள்விக்கு மாணவர்கள் நோட்டில் நடுவில் ஒரு கோடு போடுவார்கள். இடப்பக்கம் ‘கல்வெட்டில் இருக்கிறது’, வலப்பக்கம் ‘நாங்கள் ஊகிக்கிறோம்’. தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க வேண்டும் என்ற நோக்கம் கல்வெட்டிலேயே இருக்கிறது, அது இடப்பக்கம். இளையவர்கள் பணத்தில் கைவைத்திருப்பார்கள் என்பது வலப்பக்கம். இந்த ஒரு கோடு ஆண்டு முழுவதும் எல்லாப் பாடத்துக்கும் உதவும்.

கடைசியாக ஒரு தகவலைப் போடுவேன். இரண்டு முறையும் அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. 919-இல் வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். அப்படியானால் இது ஊர் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடா, அரசன் செய்யவைத்ததா? மணி அடிக்கும்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டுப்பாடமாக மூன்று வரி எழுதி வரட்டும்.

“மக்களாட்சிக்கு முன்னோடி” என்று மேடைகளில் உத்திரமேரூரைக் கொண்டாடுகிறோம். இப்படி நடத்தினால் அந்தப் பெருமையைக் குலைப்பதாக ஆகாதா?

நான் அப்படி நினைக்கவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனின் மாமனார்கூடப் பதவிக்கு வரக்கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் எழுதிவைத்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தப் பெருமை உண்மையானது. கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

கூடவே மற்ற உண்மைகளையும் சொல்ல வேண்டும். இது வாக்கெடுப்பு இல்லை, குலுக்கல். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்; அதன் சபை நிலவுடைமை உள்ள பிராமண ஆண்களின் சபை. மற்ற ஊர்களில் ‘ஊர்’ என்ற அவையும் வணிகர் ஊர்களில் ‘நகரம்’ என்ற அவையும் இருந்தன. ஆகவே ஓர் ஊரின் விதியைச் சோழநாடு முழுவதற்கும் பொருத்திவிட முடியாது.

அப்படிப் பேசினால் சாதிப் பேச்சு வந்துவிடுமே? வகுப்பில் எப்படிச் சமாளிப்பது?

வரும். வர வேண்டியதுதான். ஆனால் மாணவர்களின் சொந்த வாழ்க்கையை அதில் இழுக்கக்கூடாது. இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். தொடக்க காலத்தில், கல்வெட்டின் தகுதிகளைப் படித்துவிட்டு, “உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் சொந்த நிலம் இருக்கிறது? கை தூக்குங்கள்” என்று கேட்டேன். சிலர் தூக்கினார்கள். பின்வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று முழுவதும் அவன் பேசவில்லை. கற்பனை ஆட்களைக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். “இந்தச் சபையில் யாருக்கு இடமில்லை?” என்று சான்றைப் பார்த்துக் கேளுங்கள். “நீ யார்?” என்ற கேள்வி எந்த வடிவத்திலும் வகுப்பில் எழக்கூடாது.

சான்றுகளை எழுதியவர்கள் எல்லாரும் அரசர்களும் செல்வர்களும்தானே? எளிய மக்களைப் பற்றி எப்படி நடத்துவது?

குடும்ப அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் வேறு வேலையாக எழுதிய இடத்தில்தான் எளியவர்கள் தென்படுவார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் பல ஊர்களின் வருவாயை அளித்தான். ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கமுடியாத நிலம் எவ்வளவு என்று கழித்துக் காட்டும் கணக்கைக் கோயிலின் கல்லிலேயே வெட்டினார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தப் பட்டியலில் கம்மாணசேரி (கம்மாளர்களான கைவினைஞர் குடியிருப்பு), பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. எழுதிய கணக்கருக்கு நிலத்தைக் கழிப்பதுதான் வேலை. ஆனால் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டு ஊர்களில் மக்கள் பிரித்துவைக்கப்பட்டிருந்ததை அந்தக் கணக்கு நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதே கோயில் கல்வெட்டில் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் உள்ளன. எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரங்களோடு. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதை வைத்து மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்தப் பெண்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவர்களிடமே கேட்க முடிந்தால் என்ன கேட்பீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வந்த ஒரு விடையை நான் மறக்கவில்லை: “ஊரை விட்டு வரும்போது யாராவது உங்களைக் கேட்டார்களா?”

அரசன் தன்னைப் பற்றித் தானே வெட்டிவைத்ததை எப்படி நம்புவது?

நம்புவதா வேண்டாமா என்று தொடங்காதீர்கள். யாருக்காக, எந்த இடத்தில் வெட்டினான் என்று தொடங்குங்கள். இதற்கு அசோகரை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று சொல்லும் 13-ஆம் பாறைக் கட்டளை எல்லாப் பாடநூலிலும் வருகிறது. ஆனால் கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்தக் கட்டளை இல்லை. 11, 12, 13 ஆகிய மூன்றும் அங்கே விடப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு தனிக் கட்டளைகள் உள்ளன. எல்லா மக்களும் என் பிள்ளைகள், அவர்களை நீதியோடு நடத்துங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் கட்டளைகள் அவை.

தோற்றவர்களின் ஊரில் மட்டும் ஏன் அந்த வருத்தம் எழுதப்படவில்லை? காயத்தைக் கிளற வேண்டாம் என்ற கரிசனமா, கிளர்ச்சி வரும் என்ற அச்சமா? ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். ஆசிரியர் பேசாமல் கேட்டால் போதும்.

மாணவர்கள் திரைப்பட வசனத்தையே வரலாறு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்களே?

கட்டபொம்மன் பாடத்தில் இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். வசனத்தை ஒரு மாணவன் முழங்கட்டும், தடுக்காதீர்கள். பிறகு அது 20-ஆம் நூற்றாண்டில் மேடைக்கும் திரைக்கும் எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டு, “அந்தக் காலத்து எழுத்துகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?” என்று தொடங்குங்கள்.

கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் சந்தித்தது 1798 செப்டம்பர் 10. அங்கே மூண்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். அது பற்றிச் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முடிவில் பதவி இழந்தவர் ஜாக்சன். கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) காகிதங்களே கும்பினி அதிகாரியின் நடத்தையில் குறை கண்டன என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இன்னும் கனமான சான்று, கும்பினிப் படையின் மேஜர் பானர்மேன் எழுதிய கடிதம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட உத்தரவிட்டவர் அவர்தான். விசாரணையின்போது கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், தன்னைப் பிடிக்க முனைந்த எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் வெறுப்போடு பார்த்ததையும், சாவை நோக்கி உறுதியான நடையில் சென்றதையும் அவரே மறுநாள் மேலிடத்துக்கு எழுதுகிறார். கொன்றவனுக்கு, கொல்லப்பட்டவனைப் புகழ்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் இந்த வரிகளுக்கு எடை அதிகம். அதே கடிதத்தில் தன் செயலை நியாயப்படுத்தும் வரிகளுக்கு அந்த எடை கிடையாது. ஒரே கடிதத்தின் இரண்டு பகுதிகளை இரண்டு விதமாக எடைபோடக் கற்றுக்கொண்ட மாணவனுக்கு அந்த ஆண்டு வேறொன்றும் சொல்லித்தராவிட்டாலும் எனக்கு மனக்குறை இல்லை. முடிந்தால் பாளையக்காரர் பற்றிய கதைப்பாடல் ஒன்றிலிருந்து சில வரிகளையும் பக்கத்தில் வையுங்கள். மக்கள் எதை நினைவில் வைத்தார்கள் என்பதும் ஒரு சான்றுதான்.

இப்படிப் பழக்கினால் எதையுமே நம்பாதவர்களாக ஆகிவிட மாட்டார்களா?

இந்த அபாயம் உண்மையில் உண்டு. “எல்லாரும் பொய்தான் எழுதியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்காரும் மாணவன், எல்லாவற்றையும் அப்படியே நம்புகிறவனைப் போலவே சிந்திப்பதை நிறுத்திவிட்டான். விமர்சனச் சிந்தனை என்பது எதை எவ்வளவு நம்பலாம் என்று அளந்து பார்ப்பது.

ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், வணிகர், போட்டியாளர்கள் உள்ளவர். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில், தமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றி எழுதும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று எழுதும் இடத்தில் பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை? பக்கச்சார்பு இருக்கிறது என்பதற்காகச் சான்றை ஒதுக்கிவிடக்கூடாது. எந்த இடத்தில் சார்பு வேலை செய்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் வரும் செய்திகளையும் இப்படியே சோதிக்கலாம். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தியை ஒரு மாணவி கொண்டுவந்தாள். தஞ்சாவூரில் இருந்த அவளுடைய சித்தப்பாவை மாலை வெயிலில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். நிழல் நீளமாகப் புல்வெளியில் கிடந்தது.

கல்வெட்டுத் தமிழ் மாணவர்களுக்குப் புரியாதே?

முழுவதும் புரியாது. எழுத்தின் படம் ஒன்று, இன்றைய தமிழில் அதன் பொருள், இடையில் மூல வாசகத்தில் ஒரே ஒரு தொடர், இவை போதும். ‘தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு’ என்ற தொடரை உரக்கப் படித்தால், மனையும் அகமும் அவர்களுக்கே தெரிந்த சொற்கள் என்பதைக் கண்டுகொள்வார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு அந்த ஒரு தொடரே நிறைவு தரும்.

பாடப்பகுதியை முடிக்க வேண்டாமா? பொதுத்தேர்வு இருக்கிறதே?

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு சான்றுகள் போதும். மற்றப் பாடங்களை வழக்கம்போல் நடத்துங்கள்.

மதிப்பெண் எப்படி வழங்குவது?

விடை சரியா தவறா என்று பார்ப்பதை விட, சான்றிலிருந்து காரணம் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். “அரசன்தான் செய்யவைத்தான்” என்று எழுதிய மாணவனும் “ஊரே செய்துகொண்டது” என்று எழுதிய மாணவியும் முழு மதிப்பெண் பெறலாம், இருவரும் கல்வெட்டின் வரியைச் சுட்டியிருந்தால். ‘ஊகிக்கிறோம்’ என்ற பக்கத்தில் நேர்மையாக எழுதியவற்றுக்கு நான் தனியாக ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறேன். பாடத்தோடு பாடமாக நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடாகவும் இதைக் காட்டலாம்.

சான்றுகளை எங்கே தேடுவது?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகள் பல உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையையும் இணையத்தில் படிக்கலாம். அதற்கு முன் உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, பெற்றோர் தொழில் என்ற பத்தியை மட்டும் காட்டினாலே ஊரின் ஐம்பது ஆண்டு வரலாறு வந்துவிடும்.

மாணவர்களைக் கல்வெட்டு இருக்கும் கோயிலுக்கே அழைத்துப் போகலாமா?

கட்டாயம். உத்திரமேரூர்தான் வேண்டும் என்றில்லை, பக்கத்து ஊர்ப் பழைய கோயிலிலும் அதிட்டானத்தில் (அடித்தளப் பகுதியில்) எழுத்துகள் இருக்கக்கூடும். காலையிலோ மாலையிலோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளங்களில் நிழல் படிந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். நிழலான சுவர் என்றால் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரியவில்லை என்று மாவோ சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தேய்க்க யாரையும் விடாதீர்கள், கல்லுக்குக் கேடு. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தெரிகிற எழுத்துகளை மட்டும் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வைக்கட்டும்.